விளம்பரத்துக்குப் படங்கு கட்டியவர்கள்

அந்த வருடம் முழுக்க என் வலது கால் ஆடிக்கொண்டே இருந்தது. டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் ஆபீசில் நான் மூன்றாவது கிளாக்கர். என் மேசையும் பெரிய கிளாக்கர் மேசையும் ஒட்டிக்கொண்டு நிற்கும். என் கால் ஆடினால் அவர் மேசையும் ஆடும். அவர் கோடு இழுக்கும்போது கோடு பாம்பாக நெளிந்து போகும்.

"தம்பி, காலுக்குள்ள என்ன மோட்டர் வச்சிருக்க? நிப்பாட்டு. தொர பாத்தா என்னயக் குடிகாரன்னு நெனப்பாரு."

நிறுத்துவேன். ஐந்து நிமிடத்தில் மறுபடி ஆடும். காரணத்தை அவரிடம் சொல்ல முடியாது. ஆபீசில் கணினி இருந்தது, இணைய இணைப்பு இல்லை. நான் நடத்திய இணையதளமோ ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு நெட் கடையின் மூலையில் இருந்த பழைய கணினிக்குள் இருந்தது. உண்மையில் அது எங்கோ வெளிநாட்டில் இருந்தது. ஆனால் எனக்கு அது அந்த மூலையில்தான் இருந்தது. அங்கே என்ன நடக்கிறது என்று பார்க்க நாலரை மணிக்கு ஆபீஸ் பூட்ட வேண்டும், பஸ் வர வேண்டும், பஸ்ஸில் இடம் கிடைக்க வேண்டும், மூலைக் கணினி காலியாக இருக்க வேண்டும். இந்த நான்கும் ஒரே நாளில் கூடி வருவது ஜாதகப் பொருத்தம் பார்ப்பதைவிடக் கஷ்டம்.

இரண்டாயிரத்து ஏழு, எட்டு என்று நினைவு. மலையகத்து ஆட்கள் எங்கே இருந்தாலும் வந்து எழுதலாம் என்று ஒரு கருத்துக்களம் தொடங்கியிருந்தேன். கொழும்பில் கடைகளில் நின்றவர்கள், வளைகுடாவில் சமைத்தவர்கள், கோயம்புத்தூர்ப் பக்கம் குடியேறிப் போனவர்களின் பிள்ளைகள் என்று புனைபெயர்களில் வந்து பதிந்துகொண்டார்கள். தோட்டத்தில் நான் மூன்றாவது கிளாக்கர். களத்தில் நான்தான் பெரிய துரை. 'நிர்வாகி' என்று என் பெயருக்குக் கீழே நானே எழுதிக்கொண்டேன். யாரும் ஆட்சேபிக்கவில்லை என்பதால் சிவப்பு எழுத்தாகவும் மாற்றிக்கொண்டேன்.

களத்துக்குள் 'பெரட்டு' என்று ஒரு பகுதி வைத்திருந்தேன். தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்துக்கு அந்தப் பெயர். உறுப்பினர்கள் தினமும் அங்கே வந்து 'வந்துட்டேன்' என்று ஒரு வரி போட்டுவிட்டுத்தான் மற்றப் பகுதிகளுக்குப் போவார்கள். நான் சொல்லித் தரவில்லை. அவர்களாகவே அப்படிச் செய்தார்கள்.

வெள்ளிக்கிழமைகளில் வருகை எண்ணிக்கை இரண்டு மடங்காகும். எனக்காக அல்ல. வளைகுடாவில் ஒரு வீட்டில் வேலை செய்த பெண் ஒருவர் வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் எழுதுவார். எஜமானி வீட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டச் சம்பல் ருசி காட்டிவிட்டு, அடுத்த வாரம் அவர்கள் அரபு மொழியில் அழுதுகொண்டு கேட்டதை எழுதுவார். குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கும்போது முகத்தில் அடிக்கிற காற்று நுவரெலியா மார்க்கெட்டில் காலை ஆறு மணிக்கு நிற்பது மாதிரி இருக்கும் என்று எழுதினார். அதைப் படிக்க எங்கெங்கோ இருந்து ஆட்கள் வந்தார்கள். நான் நகைச்சுவை என்று நினைத்து எழுதியவற்றை அவர் பதிவைத் தேடி வந்தவர்கள் தவறுதலாக மிதித்துவிட்டுப் போனார்கள்.

களம் இருந்த வெளிநாட்டுக் கணினியில் இடத்துக்கு வருட வாடகை. தீபாவளிக்கு முன்னால் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் எல்லாம் அழிந்துபோகும். அந்தப் பெண்ணின் அறுபதுக்கு மேற்பட்ட வெள்ளிக்கிழமைகளும்தான். அவரிடமும் பிரதி இல்லை. எல்லாவற்றையும் இறக்கி வைக்க மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் முயன்றேன். தொலைபேசிக் கம்பி வழியே பாதி வருவதற்குள் யாராவது கடைக்கு அழைப்பு எடுத்துவிடுவார்கள். அறுந்துவிடும்.

வாடகைக்கு விளம்பரம் இருந்தது. ஒரு வெளிநாட்டு நிறுவனம் கொடுத்த நாலு வரி நிரலைப் பக்கத்தின் தலையில் ஒட்டிவிட்டால் போதும், விளம்பரம் அவர்கள் போடுவார்கள். பார்ப்பவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்றபடி ஏதோ வரும். முதல் வருடம் சரியாக இருந்தது. இரண்டாம் வருடம் விநோதமாகிவிட்டது. களத்துக்கு வருபவர்கள் கூடிக்கொண்டே போனார்கள், விளம்பரம் பார்ப்பவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். கூட்டம் நிறைந்த பஸ்ஸில் டிக்கட் விற்கவில்லை என்று கொண்டக்டர் சொல்வது மாதிரி இருந்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது. அது என் களத்திலேயே, எல்லாப் பதிவுகளுக்கும் மேலே, நட்சத்திரக் குறியோடு இருந்தது. கொழும்பில் இருந்து ஒரு பையன் விளம்பரத் தடுப்பானை எப்படிப் பதிவது என்று படம் படமாகப் போட்டு விளக்கியிருந்தான். கொழுந்து எடுக்கிற பெண்கள் மழைக்கும் செடிக் குச்சிக்கும் தப்ப இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற தடித்த விரிப்புக்குப் படங்கு என்று பெயர். 'நெட்டுல போறப்ப படங்கு கட்டிக்கிட்டுப் போங்க' என்பது அவன் தலைப்பு. அதன் கீழே முதல் பின்னூட்டம் சிவப்பு எழுத்தில்: 'மிகவும் பயனுள்ள பதிவு. நன்றி. அனைவரும் பின்பற்றவும். நிர்வாகி.' தொழில்நுட்பப் பதிவு என்றால் படிக்காமலே பாராட்டுகிற பழக்கம் எனக்கு இருந்தது. பாராட்டியதோடு விடாமல் பதிவை உச்சியில் குத்தியும் வைத்திருந்தேன்.

முதலில் கெஞ்சினேன். 'அன்புள்ள உறவுகளே' என்று தொடங்கிய நீண்ட கடிதம். படங்கைக் கழற்றுங்கள், களத்துக்கு அரிசி அந்த விளம்பரந்தான் என்று எழுதினேன். பதினோரு பேர் 'அருமையான பதிவு' என்றார்கள். ஒருவரும் கழற்றவில்லை.

அடுத்து விளம்பரம் மறைந்த வெற்று இடத்தில் ஒரு வாசகம் தோன்றும்படி செய்தேன்: 'இங்கே ஒரு விளம்பரம் இருந்தது. நீங்கள் அதைக் கொன்றுவிட்டீர்கள்.' ஒருவர் கீழே 'ஆழ்ந்த அனுதாபங்கள்' என்று எழுதினார். அடுத்தவர் எட்டாம் நாள் காரியம் எப்போது என்று கேட்டார். ஆட்கள் என்னைவிடப் பெரிய பகிடிக்காரர்களாக இருந்தால் நிர்வாகம் செய்வது கஷ்டம்.

தீபாவளிக்கு ஆறு வாரம் இருந்தது. கால் இரண்டும் ஆடத் தொடங்கிவிட்டன. ஆபீசில் உட்கார முடியாமல் ஃபைல் தேடுகிற சாக்கில் எழுந்து நடப்பேன். பெரிய கிளாக்கர் எனக்கு வயிறு சரியில்லை என்று முடிவு செய்து மாதுளம்பழத் தோல் கொண்டுவந்து கொடுத்தார். அப்படி நடந்துகொண்டிருந்த ஒரு நாள், கையில் இருந்த செக்ரோல் என்கிற சம்பளப் பேரேட்டைப் பார்த்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இன்றைக்கும் அந்த நிமிடத்தை நினைத்தால் என்னை நானே காதைப் பிடித்துத் திருகலாம் போல இருக்கிறது.

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். குறித்த கிலோக் கொழுந்து எடுக்காவிட்டால் அன்றைக்கு அரைப் பேர். பாதிச் சம்பளம். மாலையில் மடுவத்தில் தராசில் கொழுந்தை நிறுத்து எல்லாருக்கும் முன்னால் சொல்வார்கள். அதை ஆபீசில் செக்ரோலில் பதிகிறவன் நான். தினமும் எத்தனையோ பேருக்கு அரைப் பேர் எழுதியிருக்கிறேன். எனக்கு அது ஒரு சின்னக் கோடு.

வெளிநாட்டுக் களம் ஒன்றில் இருந்து ஒரு நிரலைச் சுட்டு வந்தேன். விளம்பரப் பெட்டி திறந்திருந்தால் ஒன்றும் நடக்காது. மூடியிருந்தால், எழுதியவரின் புனைபெயருக்குக் கீழே எல்லாரும் பார்க்கும்படி 'அரைப் பேர்' என்று விழும். ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க மூலைக் கணினியில் இருந்து ஏற்றிவிட்டேன். திரும்பிப் போகும்போது பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த சிங்களப் பெண்மணி பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நகர்ந்தார்.

திங்கட்கிழமை அம்மாவிடம் சொன்னேன். அம்மா அந்தத் தோட்டத்திலேயே கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவர். அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். இணையம் என்றால் என்ன என்று ஏற்கெனவே பலமுறை விளக்கியிருந்தேன். அது தோட்டத்து வீட்டு வரிசை மாதிரி ஒரு வகை லயம், எல்லாரும் ஒரே கூரையின் கீழ், ஆனால் ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாது என்று அவர் தானாகவே வைத்துக்கொண்ட விளக்கம் என்னுடையதைவிட நன்றாக இருந்தது.

"ஏமாத்துறவங்களுக்கெல்லாம் அரப்பேரு போட்டுட்டேன்மா" என்றேன்.

அம்மா ரொட்டியைத் திருப்பவில்லை. "யாருக்கு?"

"படங்கு கட்டிக்கிட்டு வர்றவங்களுக்கு. சும்மா பகிடிக்கு."

"படங்கு கட்டாம எந்தப் பொம்பள மலைக்குப் போவா?"

"அது வேற படங்கும்மா."

"எனக்கு ரெண்டு தடவ அரப்பேரு விழுந்துச்சு. ஒரு நாள் ஒன்னயக் காச்சலோட புள்ளக் காம்பராவுல ஆயாக்கிட்ட விட்டுட்டுப் போயி, பாதியில ஓடியாந்தேன். இன்னொரு நாள் அட்டை கடிச்சுக் கால் வீங்கிப் போச்சு. ரெண்டு நாளும் மடுவத்துல எந்த எடத்துல நின்னேன்னு இப்பவும் காட்டுவேன்." ரொட்டி கருகிவிட்டது. அதை எனக்கே வைத்தார்.

பிய்த்து வாயில் போட்டேன், கசந்தது. கருகிய ரொட்டி என்று நினைத்துக்கொண்டேன். நான் எப்போதும் அப்படித்தான். உறைக்க வேண்டியது உறைக்கும்போது சாப்பாட்டின் மேல் பழி போட்டுவிடுவேன்.

செவ்வாய்க்கிழமை ஹட்டனுக்குப் போய்ப் பார்த்தால், பெரட்டுப் பகுதியில் வழக்கமான 'வந்துட்டேன்' ஒன்றுகூட இல்லை. வரிசையாக 'வேலைக்கு வரல', 'வேலைக்கு வரல', 'வேலைக்கு வரல'. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் புனைபெயர், அதன் கீழே அரைப் பேர். களத்தில் ஸ்ட்ரைக். எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். பகிடியை எல்லாரும் எவ்வளவு அழகாகப் பிடித்துக்கொண்டார்கள்! நானும் துரை குரலில் 'உடனே மலைக்குத் திரும்பாவிட்டால் ரேஷன் வெட்டப்படும்' என்று எழுதிவிட்டு வந்தேன். அவர்கள் பகிடி பண்ணவில்லை என்பது உலகத்தில் எனக்கு மட்டுந்தான் தெரிந்திருக்கவில்லை.

புதனும் வியாழனும் மாதக் கடைசி வேலை. பஸ் பிடிக்க முடியவில்லை. மூன்றாம் தடவை கூட்டிய பக்கத்தை நாலாம் தடவை கூட்டிக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே மழையையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குத்தான் தப்பினேன். அந்தப் பெண்ணின் பதிவு வந்திருக்கும். அதைப் படித்தால் கால் நிற்கும் என்று நம்பினேன்.

நெட் கடையில் மூலைக் கணினியில் ஒருவர் வேலைக்கு விண்ணப்பம் அடித்துக்கொண்டிருந்தார். அவர் பின்னால் நின்றேன். முன்னால் வந்து நின்றேன். வாசலுக்குப் போய்ப் பஸ்களை எண்ணினேன். கடைசியில் முதலாளி பொறுக்க முடியாமல், "தம்பி, தலய சுத்துது, அந்த முதல் மெசினுல ஒக்காருங்க" என்றார். அதற்குக் கட்டணம் கூட என்பதால் நான் ஒருபோதும் அதைத் தொட்டதில்லை.

உட்கார்ந்தேன். களம் வழக்கத்தைவிட வேகமாகத் திறந்தது. அந்தப் பெண்ணின் வெள்ளிக்கிழமை இருந்தது. இரண்டே வரி.

'எங்க அம்மாவுக்கு விழுந்தது போதும். எனக்கு வேணாம். போயிட்டு வாறேன்.'

அதன் கீழே, அவர் பெயருக்கு அடியில், நான் போட்ட 'அரைப் பேர்' பட்டயம்.

உடனே ஏதாவது எழுத வேண்டும் என்று விரல் பறந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் தொடங்கினேன். ஆனால் எனக்குள் இருந்த நிர்வாகி குறுக்கே புகுந்துவிட்டார். 'யாரையும் புண்படுத்தும் நோக்கம் இல்லை. ஆயினும், விளம்பரத்தைத் தடுத்துக்கொண்டு வருபவர்கள் மற்றவர்களின் உழைப்பைத் திருடுகிறார்கள் என்பதை நிர்வாகம் சுட்டிக்காட்டக் கடமைப்பட்டுள்ளது.' அனுப்பினேன். பக்கம் புதுப்பித்து வந்தது. என் பதிவு. என் பெயர். சிவப்பு எழுத்தில் நிர்வாகி. அதற்குக் கீழே: அரைப் பேர்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். அரைப் பேர்தான்.

"முதலாளி! இந்த மெசின்ல என்ன செஞ்சு வச்சிருக்கீங்க?"

"என்ன செஞ்சேன்?"

"விளம்பரம் வராம ஏதும் போட்டிருக்கீங்களா?"

"பின்ன? ஒங்க சைட்டுலதானே அந்தப் பையன் படம் போட்டுச் சொல்லிக் குடுத்தான். நீங்களும் செய்யச் சொல்லி எழுதியிருந்தீங்களே! எல்லா மெசினுக்கும் போட்டேன். மூலையில உள்ளது கெழடு, அது ஏத்துக்கிடல. அதனால அதுல படத்தயே நிப்பாட்டி வச்சிட்டேன்." என் முகத்தைப் பார்த்து அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு பக்கம் தொறக்க மூணு நிமிசம் ஆவுது தம்பி. மணிக்கணக்குக்குக் காசு குடுக்குற மனுசன் ஒங்க வெளம்பரம் எறங்குற வரைக்கும் கொட்டாவி விட்டுக்கிட்டு இருக்கணுமா? எறங்குனா மட்டும்? என்னயத்தான் ஏசுறாங்க."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மூலைக் கணினியில் படம் தெரியாது. இரண்டு வருடமாக என் களத்தின் விளம்பரங்களில் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. வெறும் சட்டம் மட்டும் தெரியும். அடக்கமாக, கௌரவமாக, ஒரு மூலையில். விளம்பரம் என்றால் அவ்வளவுதான் என்று நினைத்து ஊரையே ஏசிக்கொண்டிருந்தேன்.

"அதக் கழட்டுங்க. ஒருக்கா பாக்கணும்."

முதலாளி தடுப்பானை நிறுத்தினார். பக்கம் இறங்கத் தொடங்கியது. மேலிருந்து கீழே, ஒரு அங்குலம், நிறுத்தம், இன்னொரு அங்குலம். முதலில் ஒரு தலைமுடி. பிறகு ஒரு தோள். தோளில் துணி இல்லை. கீழே போகப்போகத் துணி வரும் என்று நம்பினேன். முதலாளியும் நம்பினார். இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தோம். வரவில்லை. வந்த கொஞ்சமும் துணி என்று சொல்லிக்கொள்ளத் தகுதி இல்லாதது. பக்கத்தில் ஒரு சூதாட்டச் சக்கரம் பளிச் பளிச்சென்று சுற்றியது. அந்த அம்மையாரின் இடுப்புக்குக் கீழே, பதிவுகள் தொடங்கும் இடத்தில், நான் பெரிய எழுத்தில் வைத்திருந்த வரவேற்பு: 'குடும்பத்தோடு வாருங்கள்.'

"இப்பதானோ பாக்கிறியள்?"

பின்னால் இருந்து வந்த குரல் டீச்சருடையது. யாழ்ப்பாணத்தில் இருந்து மாற்றலாகி வந்து பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவர். என் வயதுதான். வெள்ளிக்கிழமைகளில் வினாத்தாள் அச்செடுக்க வருவார். களத்தில் எங்கள் எழுத்துப் பிழைகளை ஈவிரக்கம் இல்லாமல் திருத்துவதும் அவர்தான். திரையை உடம்பால் மறைக்கப் பார்த்தேன். எனக்கு அந்த அகலம் இல்லை.

"டீச்சர், சத்தியமா எனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக் கொம்பியூட்டர் அறையிலை, நாப்பது பிள்ளையளுக்கு முன்னாலை, உங்கட களத்தைப் பெருமையாத் திறந்து காட்டினனான். அதிபரும் நிண்டவர். அண்டைக்கே தடுப்பான் போட்டன். அதுக்கு நீங்கள் எனக்கு அரைப் பேர் தந்திருக்கிறியள். நன்றி."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"என்னெண்டு சொல்லுறது? நீங்கள் வேணுமெண்டுதான் போட்டிருக்கிறியள் எண்டு நினைச்சன். ஆம்பிளையள் நடத்துற இடம்."

முதலாளி இருமினார்.

டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "வெள்ளிக்கிழமையிலை எழுதுற அந்தப் பிள்ளை எனக்குத் தனிமடல் போட்டவ. அந்த வீட்டுப் பெடியன்ரை கொம்பியூட்டரிலைதான் எழுதுறவ. கிழமையிலை அரை மணித்தியாலம். ஒருநாள் இந்தப் படம் வந்து நிக்கேக்கை வீட்டுக்கார மடம் உள்ளை வந்திட்டா. பெரிய சத்தமாம். கொம்பியூட்டரைத் தொடக்கூடாது எண்டிட்டாவாம். பெடியன்தான் இரக்கப்பட்டுத் தடுப்பானைப் போட்டு, தாயைச் சமாளிச்சுத் திரும்ப இருக்க விட்டவன். அது இல்லாட்டில் அவவுக்கு எழுத்தே இல்லை. விளங்குதோ?"

விளங்கியது. அந்தப் பெண் விளம்பரத்துக்குப் பயந்து படங்கு கட்டவில்லை. எழுதுவதற்காகக் கட்டியிருந்தார். அதைக் கட்டியதற்கு எல்லாரும் பார்க்க நான் குறைத்து எழுதியிருந்தேன். ஒரு கொழுந்துக்காரியின் மகன், இன்னொரு கொழுந்துக்காரியின் மகளுக்கு. அந்த நேரத்தில் ஒரு பகிடிகூட எனக்கு வரவில்லை. வந்திருந்தால் அதையும் சொல்லிக் கெடுத்திருப்பேன்.

கடை பூட்டுவதற்குள் பட்டயத்தைக் கழற்றினேன். விளம்பர நிரலையும் கழற்றினேன். நாலே வரி. எடுக்க நாலு விநாடி. என் பதிவை அழித்துவிட்டு மூன்று வரியில் மன்னிப்பு எழுதினேன். டீச்சர் பக்கத்தில் நின்று படித்தார். "இதிலை 'ஆயினும்' எண்டு ஒண்டும் இல்லைத்தானே?" என்று கேட்டுவிட்டுத்தான் அனுப்ப விட்டார்.

மறுநாளே பெரட்டில் ஆட்கள் 'வந்துட்டேன்' போடத் தொடங்கிவிட்டார்கள். தலவாக்கலையில் இருந்து ஒருவர், ரேஷன் வெட்டியதை வட்டியோடு தரச் சொல்லிக் கேட்டார். கொழும்புப் பையன், தன்னால்தான் எல்லாம் என்று ஒரு பக்கத்துக்கு அழுதிருந்தான். எல்லாரும் வந்தார்கள். அந்தப் பெண் மட்டும் வரவில்லை.

அடுத்த வெள்ளி வந்தது. பதிவு இல்லை. பஸ்ஸுக்குப் போகும் வழியில் திரும்பி வந்து இன்னொரு தடவை பார்த்தேன். கடைக்குப் போக முடியாத நாட்களில் டீச்சரின் பள்ளிக்கூடத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். மூன்றாம் தடவை அதிபரே எடுத்து, நான் எந்த வகுப்புப் பிள்ளையின் தகப்பன் என்று விசாரித்தார். வாடகைக்கு மூன்று வாரம் இருந்தது. விளம்பரம் இல்லை, கையில் ஒன்றும் இல்லை. அந்தப் பெண் திரும்பி வராமல் களம் பிழைத்தாலும் அது என்ன களம்? அவர் வந்து பார்க்கும்போது களமே இல்லாவிட்டால்? இரண்டு கேள்வியும் ஆளுக்கு ஒரு காலைப் பிடித்து ஆட்டின.

வழி சொன்னது முதலாளிதான். அவருக்கு என் மேல் பாசம் எல்லாம் கிடையாது. நான் வாசலுக்கும் மூலைக்கும் நடந்து சீமெந்துத் தரையைத் தேய்ப்பது அவருக்குப் பொறுக்கவில்லை.

"என் கடை வெளம்பரத்தப் போடுங்க. ஒரு வருச வாடகைய கொழும்புல இருக்கிற என் தம்பியோட கார்டுல கட்டச் சொல்றேன். ஒங்க ஆளுங்க லீவுல வந்தா இங்கதானே எறங்குறாங்க?"

"எல்லாரும் தடுப்பான் போட்டிருக்காங்களே முதலாளி. ஒங்க வெளம்பரமும் தெரியாதே."

தெரிந்தது. தடுப்பான் உள்ள முதல் கணினியில் சோதித்துப் பார்த்தபோது நானே ஆச்சரியப்பட்டேன். கடை முகப்பைப் படம் எடுத்து என் களத்துக்குள்ளேயே மற்றப் படங்களைப் போல வைத்தோம். தடுப்பான் அந்த வெளிநாட்டு நிறுவனங்களின் முகவரியைத்தான் பார்த்துப் பிடிக்கும். ஹட்டன் முதலாளியை அதற்கு அடையாளம் தெரியவில்லை. அவர் பாட்டுக்கு உள்ளே வந்து பக்கத்தின் தலையில் நின்றார்.

போடுவதற்கு முன்னால் உறுப்பினர்களிடம் காட்ட வேண்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டார். காட்டினோம். படத்தில் கடைக்கு முன்னால் ஒரு நாய் படுத்திருந்தது. அதை வெட்டச் சொன்னார் டீச்சர். நாய் இருக்கட்டும், முதலாளியை வெட்டுங்கள் என்றார் கோயம்புத்தூரில் இருந்து ஒருவர். வாக்கெடுப்பு வைத்தோம். இருவருமே தப்பினார்கள். கீழே 'போட்டோ கொப்பி, இன்டர்நெட், ஐந்தே நிமிடத்தில் பாஸ்போட் படம்' என்று நான் எழுதிக் கொடுத்தேன். தீபாவளிக்கு ஐந்து நாள் இருக்கும்போது வாடகை கட்டியாயிற்று. மின்னஞ்சலில் ரசீது வந்தது. அச்செடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

அந்த வார வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டேன். பெரிய கிளாக்கர் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டார். மேசை ஆடாத அரை நாள் அவருக்கும் வேண்டியிருந்தது. இரண்டு மணிக்கே மூலையில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தைப் புதுப்பித்தேன். இல்லை. புதுப்பித்தேன். இல்லை. அடிக்கடி புதுப்பித்தால் வராமல் போய்விடும் என்று தோன்றியது. பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். அது பத்து அல்ல, மூன்று நிமிடம் என்று சுவர்க் கடிகாரம் சொன்னது.

மூன்றரைக்கு வந்தது. நீளமான பதிவு. மன்னிப்பைப் பற்றியோ பட்டயத்தைப் பற்றியோ ஒரு சொல் இல்லை.

'மேலே உள்ள கடைப் படத்தைப் பார்த்தேன். என் பாஸ்போட் படம் எடுத்தது இந்தக் கடையில்தான். அஞ்சு நிமிசம் என்பது உண்மை. அந்தப் படத்தில் நான் கோழி திருடிவிட்டுப் பிடிபட்டவள் மாதிரி இருக்கிறேன். எந்த விமான நிலையத்திலும் அதிகாரி படத்தை ஒருதரம் பார்ப்பார், என்னை ரெண்டுதரம் பார்ப்பார். இந்த ஊர் வந்து இறங்கிய அன்றைக்கு...' என்று தொடங்கி, விமான நிலையத்தில் ஆறு மணி நேரம் ஒரு மர வாங்கில் குந்தியிருந்த கதை. யாரிடமும் சொல்லாத கதை. நான் சிரித்துக்கொண்டே தொடங்கி, பாதியில் சிரிப்பை நிறுத்தி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு முடித்தேன்.

தோளுக்குப் பின்னால் முதலாளியும் படித்திருக்கிறார்.

"தம்பி. அந்த மொதப் பந்திய அழிங்க."

"எதுக்கு?"

"காசு குடுத்துப் போட்ட வெளம்பரம். அதுக்குக் கீழயே கோழிக் கள்ளி மாதிரி எடுத்தான்னு எழுதியிருக்கு. ஒரு பய இனிமே படம் எடுக்க வருவானா?"

வருட வாடகை கொடுத்த மனிதர். அடுத்த வருடமும் கொடுக்க வேண்டிய மனிதர். என் கால் ஆடத் தொடங்கியது. மேசைக்கு அடியில் கையால் பிடித்து நிறுத்தினேன்.

"அழிக்க முடியாது முதலாளி."

"ஏன்? ஒங்க சைட்டுதானே? அழிக்கிற பட்டன் இல்லையா?"

"இருக்கு. அழிக்க மாட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். வெளியே நோர்வுட் பஸ் ஆள் கூப்பிட்டது. போகலாமா என்று ஒரு கணம் யோசித்தேன்.

"அந்தப் படம் நான் எடுக்கல" என்றார் கடைசியில். "என் தம்பி எடுத்தது. அப்ப லைட்டும் சரியில்ல. அதயாவது நான் சொல்லணுமா இல்லையா?"

"தாராளமா சொல்லுங்க. ஆனா பதிஞ்சுதான் எழுதணும்."

எழுந்து இடம் கொடுத்தேன். அவர் வேட்டியைச் சரிசெய்து உட்கார்ந்தார். முதல் கணினியில் இருந்தவர் நேரம் முடிந்து காசை நீட்டிக்கொண்டு நின்றார். போட்டோ கொப்பிக்கு இரண்டு பிள்ளைகள் நின்றார்கள். முதலாளி யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு விரலால் எழுத்தைத் தேடித் தேடிக் குத்திக்கொண்டிருந்தார்.

"தம்பி, 'தங்கச்சி'க்கு 'ங்' எங்க இருக்கு?"

காட்டினேன்.